எழுதியவர் பெயர்

பள்ளிப்பட்டு பேருந்து நிலையத்தில்
கழிப்பறைக்கும் கரும்புச்சாறு வண்டிக்கும் நடுவே
கண்ணாடி போட்ட பலகை ஒன்று.
யாரும் எழுதலாம், தமிழிலோ தெலுங்கிலோ.
ஞாயிறுதோறும் பூட்டைத் திறந்து
பழையதைக் கழற்றிப் புதியதைக் குத்துவது என் வேலை.
சம்பளம் கிடையாது.
சாவி உண்டு.

சாவியோடு ஒரு பேரேடும் வந்தது.
எண், பெயர், ஊர், கையெழுத்து,
என்ன எழுதினார், என்றைக்கு ஒட்டினோம்.
முதல் வருஷமே ஏமாந்தேன்.
பாலத்துக்கு இந்தப் பக்கம் எஸ். முனிரத்தினம்,
நகரிப் பக்கம் போனால் கொண்டேட்டி முனிரத்னம்:
இங்கே அப்பாவின் ஓரெழுத்து,
அங்கே வீட்டுப்பெயர் முழுசாக.
இருவர் என்று நினைத்து இரண்டு எண் கொடுத்துவிட்டேன்.
மனிதர் தான் எழுதிய கட்டுரைக்குத்
தானே மறுப்பு எழுதி
இரண்டிலும் கையெழுத்துப் போட்டார்.
மூன்று வாரம் நடந்தது சண்டை.

பெட்டித் துளையில் போட்டுவிட்டுப் போகிறவர்கள்
பெயர் எழுதுவதில்லை.
அவர்களை 'வந்தவர்' என்று பதியச் சொல்கிறது விதி.
அப்படிப் பார்த்தால்
எங்கள் ஊரின் பெரிய எழுத்தாளர் வந்தவர்தான்.
ஆறு பத்து வண்டி நிற்காததைத் திட்டியவர்,
மாம்பழ ஊறுகாய்க்கு உப்பளவு சொன்னவர்,
காணாமல்போன ஆட்டுக்கு அடையாளம் தந்தவர்,
கன்னட எழுத்தில் ஒருமுறை
என்னவோ கேட்டவர்.

போன சித்திரையில் வந்தவர் எழுதியது இது:

'தறி நின்ற பிறகும்
காதுக்குள் ஓடுகிறது தறி.
அந்தத் துணியை
யார் விற்கிறார்கள்?'

ஊரே சொல்லித் திரிந்தது.
ஷேர் ஆட்டோ முதுகில் ஏறியது.
உரிமை கேட்டு இரண்டு பேர் வந்தார்கள்.
உறுப்பினர் எண்பத்தெட்டு, தேசப்பன், சொன்னார்:
"மனசுல இருந்துச்சு சார்,
எழுதினதும் நானாத்தான் இருக்கும்."
இன்னொருவர் சாட்சிக்கு மைத்துனரைக் கூட்டி வந்தார்.

மூன்றாவதாக வந்த சுகுணவேணி எதுவும் கேட்கவில்லை.
தார் சுற்றுகிறவள். ஷிப்ட் முடிந்து
தலையில் பஞ்சோடு நின்றாள்.
"ரெண்டாவது வரியில
காதுக்குக் கால் விட்டுப்போச்சு. பேனா குடுங்க."
துணைக்காலைப் போட்டாள். அதே நீல எழுத்து.
பெயர் சேர்க்கட்டுமா என்றேன்.
"ஓனரு தினம் இங்கதான் பஸ் ஏறுறாரு."

பேரேட்டில் அது இன்னமும் வந்தவருடையது.

கஜபதி விஷயம் வேறு.
உறுப்பினர் முப்பத்துநாலு.
பலகைக்கு டியூப்லைட் போட்ட கணக்கை
பலகையிலேயே கேட்டார்.
கமிட்டி அவர் பெயரை நீக்கியது.
நீக்கினவர் எழுதிய பதினேழும் என்ன ஆகும்?
கிழிக்கலாம்,
அல்லது வேறொருவர் பெயருக்கு மாற்றலாம்.
கிழிக்க மனசு வரவில்லை எவருக்கும்.
சாவி வைத்திருப்பவர் பெயருக்கே
மாற்றிவிடுங்கள் என்று தேநீர் குடித்துக்கொண்டே
தீர்மானம் போட்டார்கள்.
நானும் குடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆண்டு நிறைவுக்கு நல்லவற்றை
மறுபடி ஒட்டினோம்.
புத்தூர் வண்டிக்குக் காத்திருந்த ஒருவர்
நின்று படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தார்.
கீழே இருந்த பெயரைக் கரும்புச்சாறுக்காரனிடம் விசாரித்து
நேரே என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தனை வயசு சார், பாப்பாவுக்கு?"

எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.
அந்தப் பக்கத்தில் கஜபதியின் மகள்
ஒற்றைச் செருப்போடு இன்னும்
ஆற்றிலிருந்து திரும்பி வந்துகொண்டிருக்கிறாள்.

"ஒன்பது" என்றேன்.

வண்டி கிளம்பும்வரை
அவர் கைக்குள் இருந்தது என் கை.

அன்றிரவு பேரேட்டைத் திறந்தேன்.
பதினேழு இடத்திலும் என் பெயரை அடித்து
அவர் பெயரை எழுதினேன்.
பென்சிலால்தான்.
கமிட்டிக்குப் பயம் இருக்கிறது எனக்கு.
அந்த ஒன்றுக்கு மட்டும்
பேனாவை எடுத்தேன்.